நீலகிரி வீடுகளுக்கு டி.வி. ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.வி.யில் செருகும் ஸ்டிக் அல்லது பெட்டி வாங்கலாமா என்று குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எந்தக் கருவி, எவ்வளவு விலை என்பதிலிருந்து அவை தொடங்கும். மலையில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். வீட்டுக்கு வரும் இணையம், மின்சாரம், வீட்டில் டி.வி. பார்ப்பவர்கள் யார் என்ற மூன்றும் தெளிவானால் கருவியைத் தேர்ந்தெடுப்பது அரைமணி நேர வேலை.

இந்தக் கருவி சரியாக என்ன செய்கிறது?

உங்கள் வீட்டு வைஃபையைப் பிடித்து, யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகளைச் சாதாரண டி.வி.யில் ஓடவிடுகிறது. அவ்வளவுதான். இதில் சேனல்கள் தானாக வராது, இணையமும் வராது, சந்தாவும் சேர்ந்திருக்காது. இந்த மூன்றில் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு அதை அலமாரியில் போட்டு வைக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

டி.வி. இருக்கும் அதே இடத்தில் நின்று, இரவு எட்டு மணிக்கு மேல், கைபேசியை வைஃபையில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். பகல் பதினொரு மணி வேகத்தை நம்ப வேண்டாம். ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. நெட்ஃப்ளிக்ஸ் தரும் அளவுகோல் இது: சாதாரண எச்.டி. படத்துக்கு 3 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற இணைய வேக அளவு), முழு எச்.டி.க்கு 5, அதைவிடத் தெளிவான 4கே படத்துக்கு 15. ஒரு டி.வி.யில் மட்டும் பார்க்கும் குடும்பத்துக்கு நிலையாக 10 எம்.பி.பி.எஸ். வந்தால் தாராளம். “நிலையாக” என்பதுதான் முக்கியம். ஒரு நிமிடம் 40 காட்டி மறுநிமிடம் 1 காட்டும் இணைப்பைவிட எப்போதும் 6 தரும் இணைப்பில் படம் நிம்மதியாக ஓடும்.

கைபேசிக் கோபுரத்தை நம்பியிருப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் சுற்றுலாப் பயணிகள் குவியும்போது அதே கோபுரத்தை அவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தின் சனிக்கிழமை மாலை உங்களுக்கு என்ன வேகம் கிடைக்கிறதோ, அதுதான் அந்த இணைப்பின் அடிமட்டம். பிப்ரவரியில் சோதித்துவிட்டு வாங்கினால் சீசனில் ஏமாற்றமாக இருக்கும்.

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் கூறும் அளவுப்படி, எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகும், குறைந்த தரத்தில் 1 ஜி.பி. வரை; 4கே என்றால் 7 ஜி.பி. வரை. தினமும் இரண்டு மணி நேரம் எச்.டி.யில் பார்த்தால் மாதம் 180 ஜி.பி. நாளுக்கு 2 ஜி.பி. தரும் ரீசார்ஜ் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைந்துவிடும், அதில் படம் நகராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹாட்ஸ்பாட் கொடுக்கும் கைபேசியின் சொந்தக்காரர் வெளியே போனால் வீட்டு டி.வி.யும் நின்றுவிடும். மகன் கோவைக்கு வேலைக்குப் போகும் திங்கள் முதல் வெள்ளிவரை வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்தக் கருவியால் பயனில்லை. ஹாட்ஸ்பாட் மட்டுமே வழி என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

எங்கள் ஹட்டியில் (படகர் கிராமத்தில்) கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்தான். ஆனால் டிஷ் மட்டும் நன்றாக எடுக்கிறது. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசிக் கோபுரம் தரையில் நிற்கிறது. அதன் அலைகள் ஏறக்குறையப் படுக்கையாக வருகின்றன. நடுவில் ஒரு முகடு இருந்தால் வீடு அதன் நிழலில் விழுந்துவிடும். தாழ்ந்த அலைவரிசைகள் மேட்டைச் சற்று வளைந்து தாண்டும். 5ஜிக்கு இங்கே அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால்தான் எதிர்ச்சரிவு வீட்டில் 5ஜி கிடைப்பதும், சாலைக்கு இந்தப் பக்கம் 4ஜிகூடத் தடுமாறுவதும் ஒரே ஊரில் நடக்கிறது.

செயற்கைக்கோள் அப்படியில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை பாகை வடக்கே மட்டுமே இருக்கிறோம். ஆகவே நமக்கு அது வானத்தில் நன்கு உயரத்தில் தெரியும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை வரும் ஜிசாட்-15, நீலகிரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில் 65 பாகைக்கும் மேல் இருக்கிறது. அவ்வளவு உயரத்தை மறைக்க வேண்டுமானால் மலை செங்குத்தாக வீட்டை ஒட்டி நிற்க வேண்டும். பொதுவாக டிஷ்ஷை மறைப்பது வீட்டருகே வளர்ந்துவிட்ட சில்வர் ஓக்கும் கற்பூர மரமும்தான் (யூகலிப்டஸ்).

எனவே மலை மடிப்புக்குள் இருக்கும் ஹட்டிக்கும் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுக்கும் டிஷ் தான் நம்பகமான வழி. ஃபைபர் (கண்ணாடி இழை வழி இணையம்) வராதவரை அதை ரத்து செய்ய வேண்டாம்.

“ஏர்ஃபைபர்” வாங்கினால் ஃபைபர் வந்த மாதிரிதானே?

வீட்டுக்குக் கண்ணாடி இழை எதுவும் வராது. கூரையிலோ சுவரிலோ ஒரு பெட்டி பொருத்தி, கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து வைஃபையாகத் தருகிறார்கள். கோபுரம் தெரியும் வீட்டுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. முகட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு முன் பதிலில் சொன்ன அதே நிழல் பிரச்சினை இதற்கும் உண்டு. பொருத்த வருபவரிடம் பெட்டியைத் தற்காலிகமாகப் பிடித்து வேகத்தைக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.

மழைக்காலத்தில் எது தாங்கும்?

மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர், தேவாலாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே பெரிது. அவரவர் ஊரின் கெட்ட மாதங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிஷ் சிக்னலின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழையின் பெரிய துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. அதனால் மழை வலுக்கும்போது படம் உறைந்து, வலு குறைந்ததும் திரும்பி வந்துவிடும். மூடுபனிமீது பலர் பழி போடுகிறார்கள், அது நியாயமில்லை. பனித்துளிகள் மிகமிகச் சிறியவை, இந்த அலையை அவை தொடுவதே இல்லை என்று சொல்லலாம். பனி நாளில் படம் கெட்டால், டிஷ் முனையிலுள்ள மூடியில் நீர் படிந்திருக்கிறதா, கேபிள் இணைப்புக்குள் ஈரம் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைபரை மழை நேரடியாக ஒன்றும் செய்யாது. அதை அறுப்பது சாயும் மரமும் சரியும் மண்ணும். கூரைமேல் தொங்கும் கேபிளைக் குரங்குகள் இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷில் படம் அரைமணியில் திரும்பிவிடும். ஃபைபர் அறுந்தால் ஆள் வந்து ஒட்டும்வரை காத்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் செய்தி தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழியை நம்பியிருப்பது ஆபத்து.

என் பரிந்துரை இதுதான்: ஃபைபர் இருந்தாலும் ஒரு டிஷ்ஷை வைத்திருங்கள். மாதக் கட்டணம் சுமையாக இருந்தால் கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் போதும். முன்பு பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் வருகிறது. இந்திய அணியின் முக்கிய கிரிக்கெட் ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவற்றையும் அதில் இலவசமாகப் பார்க்கலாம்.

மின்சாரம் அடிக்கடி போகிறது. இன்வெர்ட்டர் இருந்தால் போதுமா?

டி.வி.யும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால் உங்கள் பக்கம் சரி. மறுமுனையையும் கேட்டறிய வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் தரும் பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் நடுவழியிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. நிலையத்தில் மின்சாரம் இருந்தால் உங்கள் ஊர் இருளில் இருந்தாலும் இணையம் வரும். சில உள்ளூர்க் கேபிள் இணைப்புகளில் தெருமுனைப் பெட்டிக்கு மின்சாரம் தேவை. அங்கே மின்தடை என்றால் உங்கள் இன்வெர்ட்டரால் ஒரு பயனும் இல்லை. இணைப்புக் கொடுப்பவரிடம் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ரவுட்டருக்கு மட்டும் என்றால் 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது.

இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே டி.வி., ரவுட்டர், ஸ்டிக் மூன்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கண்ணாடி இழையில் மின்னலின் தாக்கம் கடத்தப்படாது. செம்புக் கம்பியிலும் டிஷ் கேபிளிலும் கடத்தப்படும், ஆகவே அவற்றையும் முன்கூட்டியே கழற்றுங்கள்.

டி.வி. ஏற்கெனவே ஸ்மார்ட் டி.வி.தான். ஸ்டிக் வேண்டுமா?

வேகமாக இயங்குகிறது, உங்களுக்கு வேண்டிய செயலிகள் இருக்கின்றன என்றால் வேண்டாம். பணத்தை மிச்சம் பிடியுங்கள். டி.வி.யின் திரை பத்து ஆண்டு உழைக்கும். அதற்குள்ளிருக்கும் மென்பொருள் அவ்வளவு நாள் உழைக்காது. 2010, 2011இல் வந்த சில சாம்சங் ஸ்மார்ட் டி.வி.களில் 2019 டிசம்பரோடு நெட்ஃப்ளிக்ஸ் நின்றது. படம் தெளிவாக இருந்து, செயலிகள் மட்டும் திணறும் டி.வி.க்கு ஸ்டிக் நல்ல மறுவாழ்வு. புது டி.வி. வாங்குவதைவிடப் பலமடங்கு மலிவு.

பழைய பெட்டி டி.வி.யில் மாட்டலாமா?

ஸ்டிக்கைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளை இல்லாத டி.வி.க்குச் சிக்னலை மாற்றித் தரும் ஒரு பெட்டி வாங்கி மாட்ட முடியும். எழுத்துகள் மங்கும், சில செயலிகளில் திரை கறுப்பாகவே இருக்கும். வேண்டாம்.

எந்தக் கருவி வாங்குவது?

அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக், கூகுள் டி.வி. மென்பொருளுடன் வரும் பெயர்பெற்ற நிறுவனங்களின் ஸ்டிக் அல்லது பெட்டி, எல்லாச் சாதனமும் ஐபோன் வகை என்றால் ஆப்பிள் டி.வி. முதல் இரண்டில் எது என்றாலும் பெரிய வேறுபாடில்லை. முழு எச்.டி. டி.வி.க்கு 4கே ஸ்டிக் கட்டாயமில்லை.

ஆனால் ஸ்டிக் வாங்கக் கிளம்புவதற்கு முன் இரண்டு இடங்களில் விசாரியுங்கள். ஃபைபர் தரும் நிறுவனங்கள் சில திட்டங்களில் செட்டாப் பாக்ஸும் சேர்த்தே தருகின்றன; அது இருந்தால் ஸ்டிக் தேவைப்படாது. அடுத்து, டிஷ் வழியே சேனல் தரும் டி.டி.எச். நிறுவனங்களிடம் டிஷ்ஷும் செயலிகளும் ஒரே பெட்டியில் வரும் வகை இருக்கிறது. மலைவீட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இணையம் அறுந்த நாளில் அதே ரிமோட்டில் சேனல் பார்த்துக்கொள்ளலாம்.

கூகுளின் ஸ்ட்ரீமிங் கருவியான குரோம்காஸ்டில் பயன்படுத்திய பழையதை யாராவது மலிவாகத் தந்தால் தயங்குங்கள். 2013இல் வந்த அந்த வரிசையின் தயாரிப்பை 2024 ஆகஸ்டில் கூகுள் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிச் சில நாட்கள் உலகெங்கும் முடங்கின.

“சந்தாவே வேண்டாம், எல்லாப் படமும் இலவசம்” என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

தயவுசெய்து வாங்காதீர்கள். திருட்டுப் படம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் வீட்டுப் பாதுகாப்பு. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீம்பொருள் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பது 2023 முதல் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட கருவிகளால் ஆன பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் இணைப்பை உங்களுக்குத் தெரியாமல் யாரோ குற்றச்செயலுக்குப் பயன்படுத்த முடியும். அதே வைஃபையில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள்.

மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

கருவி ஒருமுறைச் செலவு, சில ஆயிரம் ரூபாய். தொடர்ந்து உறிஞ்சுவது சந்தாக்கள். ஒரு தாளில் உங்கள் குடும்பம் உண்மையில் பார்ப்பவற்றை எழுதுங்கள்: எந்தத் தொடர், எந்த விளையாட்டு, எந்தப் பாட்டு நிகழ்ச்சி. பல வீடுகளில் அந்தப் பட்டியலில் முக்கால்வாசி யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரிய திரையில் கணக்குப் பாடம் பார்ப்பதற்காக மட்டுமே ஸ்டிக் வாங்கினாலும் நான் சரி என்பேன்.

கைபேசிக்கென்று விற்கும் மலிவான திட்டங்கள் டி.வி.யில் வேலை செய்யாது. நெட்ஃப்ளிக்ஸின் மொபைல் திட்டம் அப்படிப்பட்டதுதான். ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடி சந்தாவும் கைபேசிக்கு மட்டுமா, டி.வி.க்கும் சேர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கல் வீடு. ஒரு அறையில் வரும் வைஃபை அடுத்த அறையில் வரவில்லை. என்ன செய்வது?

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களின் சுவர் கனம் அப்படி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் கல் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானாலும் ஊடுருவும்; ஒரு டி.வி.க்கு அது போதும். அதுவும் எட்டாவிட்டால் ரவுட்டரை டி.வி. அறைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது ரவுட்டரிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் ஒரு லேன் கம்பியை இழுத்து லேன் துளையுள்ள பெட்டியாக வாங்குங்கள். ஸ்டிக்கை டி.வி.யின் முதுகில் நேரடியாகச் செருகாமல் கூடவே வரும் குட்டி நீட்டிப்புக் கம்பியில் மாட்டினாலும் சிக்னல் தேறும். மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டி.வி.களில் அரை ஆம்பியர்தான் வரும். கருவி தானாக அணைந்து அணைந்து எழும்.

அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. அவர்களால் இயக்க முடியுமா?

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு அன்பாக ஒரு ஸ்டிக் வாங்கி அனுப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. அன்பு சரி, ஆனால் அதை மாட்டிவிட்டு டிஷ்ஷை நிறுத்திவிடாதீர்கள். எண்பது வயதில் ஒருவருக்கு டி.வி. என்பது பொத்தானை அழுத்தினால் பேசத் தொடங்கும் ஒரு துணை. அதை ஆறு பொத்தான்களுக்கும் ஒரு கடவுச்சொல்லுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள், குறையும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டிக் வைப்பதானால், முதல் வரிசையில் அவர்கள் பார்க்கும் இரண்டு செயலிகளை மட்டும் வையுங்கள். கட்டணத் தொகை கேட்கும் இடங்களுக்கு ரகசிய எண் போடுங்கள். மென்பொருள் மொழியில் தமிழ் இருந்தால் மாற்றுங்கள். டி.வி.யை அணைத்தால் மறுபடி டிஷ் பக்கமே திறக்கும்படி அமைக்க முடிந்தால் அமையுங்கள். முக்கியமாக, நீங்கள் ஊருக்கு வந்து குறைந்தது சில நாள் தங்கும்போது மாட்டுங்கள். அவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எங்கே தயங்குகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர் அறையில் வைக்கலாமா?

கருவி வைக்கலாம். உங்கள் சொந்த நெட்ஃப்ளிக்ஸ் கணக்கைத் திறந்து வைக்காதீர்கள். அது வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று விதி இருக்கிறது. விருந்தினர் தம் கணக்கில் நுழையட்டும். அவர்கள் கிளம்பியதும் அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடுவது உங்கள் பொறுப்பு. விருந்தினருக்குத் தனி வைஃபை பெயர் கொடுங்கள்.

ஈரத்தில் கெட்டுப்போகுமா?

குளிர் ஒன்றும் செய்யாது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் ஈரம்தான் கெடுக்கும். வாரக்கணக்கில் பூட்டுவதானால் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி, கருவியை மூடி இறுகிய டப்பாவில் வைத்துவிட்டுப் போங்கள்.

இங்கேயே வாங்குவதா, கோவைக்குப் போவதா, ஆன்லைனா?

விலை வேறுபாட்டைவிடத் திருப்பித் தரும் வசதியைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் உங்கள் பின்கோடுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வருவார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கினால், வீட்டில் சரிவரவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வந்த அன்றே மாட்டி, இரவு எட்டு மணிக்கு ஒரு முழுப் படம் பாருங்கள். நடுவில் சுற்றிச் சுற்றி நின்றால், அந்தப் படத்தை வைஃபையில் கைபேசியிலும் ஓட்டிப் பாருங்கள். கைபேசியிலும் நின்றால் குறை இணையத்தில், கருவியை மாற்றிப் பயனில்லை. கைபேசியில் ஓடி டி.வி.யில் மட்டும் நின்றால், கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.